ஸ்டெபிக்கு அடிக்காத மணி

பாபநாசத்தில் போதகர்களுக்கு நடந்த மூன்று நாள் தியான முகாமிலிருந்து திரும்பும்போது, தனக்குப் புது உயிர் வந்துவிட்டதாகவே எஸ்றா நம்பினார். வருஷக்கணக்காக வாய்தான் ஜெபித்துக்கொண்டிருந்தது. மனசு மரத்துப் போயிருந்தது. கடைசி நாள் எல்லோரும் பாவ அறிக்கை செய்தபோது அவர் வாயில் ஒரு பெயர் வந்து நின்றது: ஸ்டெபி. தேம்பித் தேம்பி அழுதார். அழுததும் பாரம் இறங்கிவிட்டது. மனுஷனுக்கு எவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுகிறது பாருங்கள்!

ஸ்டெபி, வாழையிலை விற்கும் இன்பமணியின் ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். ஏரலுக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் சபையார் யார் செத்தாலும் கோயில் மணி அடிக்கும்; ஒரு வயதுக்கு ஒரு அடி. ஊரே கைவேலையை விட்டுவிட்டு எண்ணும். தற்கொலைக்கு மணி கிடையாது, போதகர் அங்கி போடக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்று சபைச் செயலாளர் அப்பாத்துரை ஒற்றைக் காலில் நின்றார். அப்படி ஒரு சட்டமும் இல்லை என்பது எஸ்றாவுக்குத் தெரியும். தெரிந்தும் மென்று விழுங்கினார். ஸ்டெபியை ஆற்றங்கரையில் புதைத்தார்கள். அன்றிலிருந்து இன்பமணி கோயில் படி மிதிக்கவில்லை.

ஊர் வந்ததும் எஸ்றா அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனார். இன்பமணி வாழையிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா, மன்னிச்சிரு. வா, ஆத்தங்கரைக்குப் போவோம். கல்லறையில நின்னு, அங்கி போட்டு, முழு ஆராதனையும் நடத்துதேன்."

அவள் கை அப்படியே நின்றது. "எந்தக் கல்லறை ஐயா?"

எஸ்றா ஆற்றுப் பக்கம் கை காட்டினார்.

"மறுவருசம் மார்கழி வெள்ளத்துல கரையே போச்சுல்லா? எம்பிள்ளையும் அதோட போயிட்டா. ஊருக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

அந்த வெள்ளத்தில் படகேறி வீடு வீடாக ரொட்டி கொடுத்தவர் எஸ்றா. இந்த வீட்டுக்கும் கொடுத்தார். புதைத்த இடத்தை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. இல்லாத கல்லறையை நினைத்துத்தான் முகாமில் அப்படி அழுதிருக்கிறார்! வெட்கத்தில் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்னம்மா செய்யணும்? சொல்லு."

"ஜெபம் ஒண்ணும் வேண்டாம். மணி அடிங்க. எம்பிள்ள செத்தத ஊரு எண்ணட்டும்."

எழுந்தவர் வாசலில் தயங்கினார். "வயசு..."

இன்பமணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்குமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் ஸ்டெபிக்குப் பாடம் சொன்னவரே இவர்தான். "பத்தொம்போது" என்றாள்.

பட்டப்பகலில் துக்க மணி கேட்டதும் ஊர் கோயிலுக்கு ஓடிவந்தது. செத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கையை விரித்தார்கள். எஸ்றா பன்னிரண்டு அடி அடித்திருந்தபோது கிழவர் அப்பாத்துரை மூச்சிரைக்க வந்து மணிக்கயிற்றைப் பிடித்தார்.

"யாருக்கு ஐயா மணி?"

"ஸ்டெபிக்கு."

"அவ போயி மூணு வருசம் ஆச்சு! ஊர்ப் பழக்கத்தக் கெடுக்கதுக்கா முகாமுக்குப் போனீரு? கயித்த விடும்வே!"

போதகரையே மரியாதையில்லாமல் 'வே' போட்டதும் கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"விட மாட்டேன் அண்ணாச்சி. நீங்க சொன்னிய, நான் கேட்டேன். ரெண்டு பேருந்தான் அந்தப் பிள்ளைய வெளிய தள்ளுனோம். இன்னும் ஏழு அடி இருக்கு."

அப்பாத்துரை விடவில்லை. எஸ்றா அவரையும் சேர்த்தே இழுத்தார். பதின்மூன்று. பதினான்கு. பதினாறாவது அடியில் கிழவரின் பிடி தளர்ந்தது. அவர் சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாம் முடிந்து எஸ்றா வெளியே வந்தபோது உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. கோயில் கேட்டுக்கு அப்பால், தெருவில், இன்பமணி நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது.

"உள்ள வாம்மா" என்றார் எஸ்றா.

"எண்ணத்தான் வந்தேன் ஐயா. சரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.