சுவருக்குள் இருந்த கப்பல்

பதினான்காவது சீசனில் கப்பலுக்குக் கால் முளைத்தது. காலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இடுப்பு, தோள்வரை விழும் கூந்தல், கன்னத்தில் குழி என்று ஒவ்வொன்றாக முளைத்து, கடைசியில் இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக வந்து நின்றது. அதுவரை அந்த விண்வெளிக் கப்பல் வெறும் குரல்தான். அந்தக் குரல் கப்பலம்மாவுடையது.

படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் இருந்த பெயரை வாசல் காவலர்கூட மறந்துவிட்டார். மற்றத் தொடர்களில் இயந்திரக் குரலை எல்லாம் முடிந்த பிறகு தனியாகப் பதிவு செய்து ஒட்டுவார்கள். இந்தத் தொடரின் முதல் இயக்குநர் பிடிவாதக்காரர். நடிகனுக்கு மனுஷ வாயிலிருந்துதான் பதில் வரவேண்டும் என்று சொல்லி, கப்பலின் கட்டளை அறைச் சுவருக்குப் பின்னால் துணி அலமாரி அளவுக்குப் பிளைவுட்டில் ஓர் அறை அடித்து, அதற்குள் இவளை உட்கார வைத்துவிட்டார். உள்ளே ஒரு மைக், ஒரு நாற்காலி, கண் மட்டத்தில் காசளவுக்கு ஒரு துளை. இவள் பேசினால் வெளியே சுவரில் பச்சை விளக்கு எரியும். கேப்டனாக நடித்தவர் அந்த விளக்கைப் பார்த்துப் பேசுவார்.

பதின்மூன்று சீசன், பதின்மூன்று வருடம், இப்படியே ஓடியது. கேப்டனுக்கு வசனம் மறதி அதிகம். திணறுகிறார் என்று துளை வழியாகத் தெரிந்தால், “மூணாவது இன்ஜினைப் பத்திக் கேக்குறீங்களா, கேப்டன்?” என்று இவள் கப்பல் குரலிலேயே எடுத்துக்கொடுப்பாள். அவரும் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, அந்தக் கப்பலுக்குத்தான் அவர் மேல் எத்தனை கரிசனம் என்று தோன்றும். வெளியே பார்த்துக்கொண்டால் இருவரும் வணக்கம் சொல்வதோடு சரி. அவருக்குப் பேரன் பேத்தி இருந்தார்கள், இவளுக்குக் கணவர் இருந்தார். இதைக் காதல் என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒரு மனிதர் நாள் தவறாமல் ஒரு விளக்கிடம் தன் பயத்தையும் பாவத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த விளக்கு தானேதான் என்பது அவளுக்குத் தெரியும். வேறு எந்தப் பெருமையும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

தொடர் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையையும் சொல்லிவிட வேண்டும். எட்டு எழுத்தாளர்கள் இருந்த இடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அந்த இருவரும் அரைத்த மாவையே அரைத்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை செத்த வில்லன் மூன்றாவது முறையும் எழுந்து வந்தான். ஒரே நடைபாதைக்கு நீலம், காவி, சாம்பல் என்று பெயின்ட் அடித்து மூன்று கிரகம் என்றார்கள். பார்க்கிறவர்கள் என்ன முட்டாள்களா, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இதுதான் கடைசி சீசன் என்று நிறுவனம் அறிவித்ததும், புதிதாக வந்த சின்ன வயசு இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. கப்பலைப் பெண்ணாக்கிவிட்டால் என்ன?

பெண் வந்தாள். அழகுக்குக் குறைவில்லை, குரல்தான் கீச்சென்று இருந்தது. குரலை மாற்றினால் மிச்சம் மீதி பார்க்கிறவர்களும் ஓடிவிடுவார்கள் என்று பயந்து, அவளுக்குக் கப்பலம்மாவே டப்பிங் பேசட்டும் என்று முடிவானது. ஆக, சுவருக்குள்ளிருந்து இவளைக் கிளப்பி, இரண்டு தெரு தள்ளி ஒரு குளிர்சாதன அறையில் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் உதடு அசையும்போது இவள் பேச வேண்டும். சுவர் அறையில் கேபிள்களைச் சுருட்டிப் போட்டு வைத்தார்கள்.

திரையில் கேப்டன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசினார். முதல் நாள் அதைப் பார்த்ததும் கப்பலம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஏதோ வருத்தம், ஏதோ வலி என்று பூசி மெழுக வேண்டாம். பொறாமைதான், அப்பட்டமான பொறாமை. ஐம்பத்தோரு வயதில் இப்படியும் எரியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண்ணாவது கொஞ்சம் திமிராக இருந்து தொலைத்தால் வசதியாகத் திட்டலாம். அதற்கும் வழியில்லை. டப்பிங் அறைக்கு அவளாகவே வந்து, அக்கா, அக்கா என்று பின்னாலேயே சுற்றினாள். எந்த இடத்தில் மூச்சு விடுவீர்கள் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எத்தனை சிரமம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் இன்னொரு கூத்து. கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பதின்மூன்று வருடமாக, தொடர் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் சோபாவில் குறட்டை விட்டவர், இந்த சீசனில் எட்டு மணிக்கே முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கண்ணாடியைத் தானே இரண்டு முறை துடைத்தார்.

“இப்பத்தான் கப்பல் பேசுறது எனக்குத் தெளிவாப் புரியுது” என்றார் ஒருநாள், பாராட்டுகிற நினைப்பில்.

அவள் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

அடுத்த வாரம் டப்பிங் அறையில் அவள் ஒரு காரியம் செய்தாள். உதடு அசைந்து இமைக்கிற நேரம் கழித்துப் பேச்சை விட்டாள். ஒலிப்பதிவாளர் அடுத்த வேலை தேடிக்கொண்டிருந்தவர், கவனிக்கவில்லை. உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாகப் போனால் அந்தப் பெண்ணைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்று இவள் கணக்குப் போட்டாள். ஒளிபரப்பான மறுநாள் பத்திரிகையில் வந்தது: புதிய உடலுக்குள் குடியேறிய கப்பல் பேசத் தடுமாறுவதை அந்த இளம் நடிகை உதட்டிலேயே காட்டிவிட்டாராம், இந்தத் தேய்ந்த தொடரில் அவர் ஒருவர்தான் உருப்படியாம். இயக்குநர் குதித்துக்கொண்டு வந்து, இனி எல்லா எபிசோடிலும் அப்படியே தாமதமாகப் பேசுங்கள் என்றார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

கடைசி எபிசோட் வந்தது. கேப்டன் கப்பலை விட்டு இறங்கிப் போகிறார். கப்பலை நிரந்தரமாக நிறுத்திவிடப் போகிறார்கள். வாசலில் கப்பல் சொல்கிறது: “போயிட்டு வாங்க, கேப்டன். கதவை நான் சாத்திக்கிறேன்.” அவ்வளவுதான், தொடர் முடிந்தது. பதினான்கு வருடத்தின் கடைசிப் பேச்சு கப்பலம்மாவுடையது. அதைக் குளிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த நேரத்தில் கேப்டன் பார்க்கப்போவது அந்தக் கன்னக்குழியை. அவர் விடைபெறப்போவது தன்னிடம் இல்லை, அவளிடம். இந்த ஒன்றுதான் அவளைக் கரையான் மாதிரி அரித்தது.

படப்பிடிப்பு நாளில் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. கேப்டன் ஒன்பது முறை எடுத்தும் அந்தக் காட்சியில் தேறவில்லையாம். ஒவ்வொரு முறையும் பாதியில் வசனம் போய்விடுகிறதாம். கடைசியில், அந்தம்மாவை வரச் சொல்லுங்கள், உள்ளே உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். இஸ்திரிப் பெட்டியை அணைக்கக்கூட மறந்து அவள் புடவை மாற்றினாள். விஷயம் தெரிந்ததும் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கிளம்பினார். அவர் எதற்குக் கிளம்பினார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆட்டோ கிடைக்கும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினாள்.

கேபிள்களை வெளியே இழுத்துப் போட்டு, தூசி தட்டி, அவளை மறுபடி சுவருக்குள் உட்கார வைத்தார்கள். துளையில் கண்ணை வைத்தாள். கேப்டன் வாசல் பக்கம் நின்றார், எதிரே அந்தப் பெண். இவள் பேசினாள். பெண் உதட்டை அசைத்தாள். கேப்டன் ஒரு வார்த்தைகூடத் தவறாமல் பேசினார், அவ்வளவு அழகாகப் பேசினார். ஆனால் பெண்ணைப் பார்த்துப் பேசவில்லை. குரல் கேட்ட மாத்திரத்தில் திரும்பி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர் விளக்கைப் பார்த்துப் பேசினார்.

இயக்குநர் விளக்கை அணைக்கச் சொன்னார். கேப்டன் விளக்கு இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினார். பெண்ணின் பின்னால் ஒரு ஸ்பீக்கரை வைத்து அதில் குரலை விட்டார்கள். தகர டப்பா பேசுகிறது என்று முகம் சுளித்தார், வசனம் மறுபடி போய்விட்டது. கேமராவை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டுமென்றால் சுவரையே கழற்ற வேண்டும். மதியத்துக்கு மேல் அந்தத் தளத்தை ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு விட்டிருந்தார்கள். வாசலில் ஏற்கெனவே நாலு கேஸ் அடுப்புகள் வந்து இறங்கியிருந்தன.

அப்போது இயக்குநர் சுவரருகே வந்து குனிந்தார். “அம்மா, ஒரு சின்ன உதவி. அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் போடுறோம். அவ முதுகு மறைவுல, கேமராவுக்குத் தெரியாம நீங்க ஒக்காந்து பேசுங்க. அவர் பார்வை தானா அந்தப் பக்கம் வந்துரும்.”

துளை வழியாகப் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டுவிட்டிருந்தார்கள். பத்தடி தூரம்தான். போய் உட்கார்ந்தால் காட்சி பிரமாதமாக வரும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கேப்டனின் கண் அவளைத் தேடும், ஆனால் படத்தில் அந்தப் பெண்ணின் மேல் விழும். ஊரே அதைப் பார்த்து, என்ன பார்வை, அந்தப் பெண்ணுக்காக எப்படி உருகுகிறார் என்று சொல்லும். பதின்மூன்று வருடம் இவள் இருட்டில் உட்கார்ந்து சேர்த்ததை, பதினான்காவது வருடம் வந்தவள் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போவாள். கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்.

“வெளிய வந்தா எனக்குப் பேச்சே வராதுப்பா” என்றாள். “பழகிப்போச்சு. இங்கேருந்தே பேசுறேன்.”

பொய். அவளுக்கு எங்கே உட்கார்ந்தாலும் பேச்சு வரும். இயக்குநர் நம்பிவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், அடுப்புகளைப் பார்த்தார், சரி, வந்தது வரட்டும் என்று கையைத் தூக்கினார்.

“போயிட்டு வாங்க, கேப்டன்” என்றாள் கப்பலம்மா. “கதவை நான் சாத்திக்கிறேன்.”

கேப்டன் திரும்பினார். வசனத்தின்படி அவர் தலையாட்டிவிட்டு இறங்க வேண்டும். இறங்கவில்லை. இரண்டடி சுவரை நோக்கி வந்தார். துளைக்கு நேராக அவர் முகம். தாடை நடுங்கியது. எதையோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார், வழியனுப்ப வந்தவர்கள் கலங்கக் கூடாதே என்று ரயிலேறுகிறவர்கள் சிரிப்பது போல. பதினான்கு வருடத்தில் அந்த மனிதர் அப்படி நடித்து அவள் பார்த்ததில்லை. அது நடிப்புத்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறகு திரும்பி, பெண்ணைத் தாண்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கேமராவுக்குக் கிடைத்தது அவருடைய பின்னந்தலையும் ஒரு காதும். அந்த முகத்தை உலகத்தில் பார்த்தவள் கப்பலம்மா ஒருத்திதான். உள்ளே உட்கார்ந்து கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

வெளியே வந்தபோது கேப்டன் இயக்குநரிடம், நன்றாக வந்ததா என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டு, பிரமாதம் சார் என்றார். பெண் ஒப்பனையைத் துடைத்தபடி இவளிடம் வந்தாள்.

“ஸ்டூல் போடச் சொன்னது நான்தான்க்கா” என்றாள். “ஷூட்டிங்ல ஒரு நாள்கூட அவர் என்னைப் பாத்துப் பேசல. எப்பவும் என் தோளுக்கு மேல அந்த விளக்கைத்தான் பாப்பாரு. துண்டு துண்டா, கோணத்த மாத்தி மாத்தி எடுத்து ஒட்டினாங்க. இன்னைக்கு நீங்க பின்னாடி ஒக்காந்தா, அவர் உங்களப் பாக்குற பார்வையாவது எல்லாருக்கும் தெரியட்டுமேன்னு நெனச்சேன்.”

கப்பலம்மாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்தால் பேச்சு வராது என்று அவள் சொன்ன பொய் அந்த ஒரு நிமிடம் மட்டும் நிஜமானது. பெண், பரவாயில்லைக்கா என்று சொல்லிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து ஒளிபரப்பினார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? இத்தனை வருடம் பார்த்தவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டார்கள் என்று திட்டினார்கள். கேப்டனின் முதுகைப் படமெடுத்துப் போட்டுக் கேலி செய்தார்கள். பாவம், அவருக்கு வயதாகிவிட்டது, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியவில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. கப்பலம்மா அந்த வரியை மூன்று முறை படித்தாள். பெண்ணைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. அது அவளுக்கு இனிக்கும் என்று நினைத்திருந்தாள். இனிக்கவில்லை.

ஒளிபரப்பான அன்று கணவர் முடியும்வரை தூங்காமல் பார்த்தார். முடிந்ததும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்டாரு? அங்க என்னதான் இருந்துச்சு?”

சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு முட்டியது. அந்த முகத்தை, அந்தத் தாடையை, சொல்லாமல் விழுங்கிய அந்த வார்த்தையை யாரிடமாவது சொல்லாவிட்டால் அது நடந்ததே இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் ஸ்டூலையும் சொல்ல வேண்டும். ஊமை கண்ட கனவாக அது உள்ளேயே கிடந்தது.

“சுவருதான்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பெண் அடுத்து எதில் நடிக்கிறாள் என்று கேட்டார்.