பழைய நசுங்கல்

காட்டுப்பள்ளித் துறைமுகக் கேட்டில் எனக்கு வேலை. கன்டெய்னர் ஏற்றிய லாரி உள்ளே நுழையும்போதே பெட்டியைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கல், எங்கே கீறல் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் விட்டால், யாரோ எங்கேயோ இடித்ததற்கு எங்கள் ஆட்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய நசுங்கலில் துரு ஏறியிருக்கும், புதியது பளபளக்கும். பத்து வருஷத்துக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. அதனால் நான் செய்த காரியத்துக்குத் தெரியாமல் செய்தேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

என் மகள் ரேச்சல் பிளஸ் ஒன் படிக்கிறாள். காலாண்டு லீவுக்குப் பள்ளியில் ஆளுக்கொரு பழைய நாவலைக் கொடுத்து, இதிலிருந்து உங்கள் வயதுப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எழுதியதை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம். அவளுக்குக் கிடைத்தது ஒரு தச்சரின் மகன் வளர்ந்து ஆளாகும் கதை. நான்கு நாளாக அதுவே கதி என்று கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், இந்தப் பக்கம் முடியட்டும் என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். எங்கள் வீட்டில் இவ்வளவு தடிமனான புத்தகத்தை யாரும் தொட்டதில்லை.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்தேன். ரேச்சலும் அவளோடு படிக்கும் ஷைனியும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். புத்தகம் கட்டில்மேல் கிடந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று புரட்டினேன். ஒரு வரிக்குக் கீழே அழுத்தமாகப் பேனாக் கோடு இழுத்திருந்தது. 'அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் இல்லை.'

வெயில், பசி என்று எதையும் காரணம் சொல்ல மாட்டேன். அந்த வரி என்னைக் குத்திவிட்டது. என் வேர்வைச் சட்டை, சூப்பர்வைசரிடம் போனில் நான் குழைவது, எல்லாவற்றையும் பார்த்து எடை போட்டு முடித்துவிட்டாள் என்று தோன்றியது. வாசலுக்குப் போய், "இன்னாடி இது?" என்று புத்தகத்தை நீட்டினேன். அவள் எட்டிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அறைந்துவிட்டேன். ஷைனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ரேச்சல் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடித்திருக்கலாமே என்று என் மனைவி ஃப்ளோரா சொன்னாள். அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாளும் எனக்கு வேலை. இன்னும் எங்கெல்லாம் கோடு போட்டிருக்கிறாள் பார்க்கலாம் என்று புத்தகத்தைக் கம்பெனி பஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் மை பழுப்பேறி, தாளின் பின்பக்கம்வரை ஊறியிருந்தது தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் அதே மையில் எழுதியிருந்தது: 'படித்து முடித்தேன். கே. திலீப், 1997.' ரேச்சல் பிறந்தது அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து. எண்ணூர் தாண்டும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கேட்டில் ஒவ்வொரு முறை பழைய நசுங்கல் என்று எழுதும்போதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ரேச்சல் நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைப்பு மட்டும் எழுதியிருந்தாள். பக்கத்தில் புத்தகத்தை வைத்து, கோடு வேறு யாரோ போட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"தெரியும்ப்பா," என்றாள். "அந்த வரிய படிக்கச் சொல்லோ நானும் உன்னதான் நெனச்சேன். அந்தப் பையன் சொல்றது தப்பு, எங்கப்பா மாதிரி ஆனா இன்னா கொறச்சல்னு எழுதலாம்னு இருந்தேன். இப்ப எழுத வரல."

அவள் என்னைத் திருப்பி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, நடந்ததை அப்படியே எழுதிவிடு என்றேன்.

"வாசிக்கணும்ப்பா. உன் பேரு வரும்."

அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவர்கள். தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பெண் பிள்ளையை, அதுவும் அவள் சிநேகிதி முன்னால் கை நீட்டி அடித்தவன் என்று தெரிந்துபோகும்.

"வரட்டும்," என்றேன்.

நேற்றிலிருந்து முதல் முறையாக அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதினாள். பிறகு நிறுத்தி, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"எந்தக் கையால அடிச்ச?"

அதட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

"சோத்துக் கை," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.