வேண்டாத பக்கம்

...ஆறரைக்கு எழுந்தேன், பல் துலக்கினேன், கெத்தலில் தண்ணீர் வைத்தேன், மடிக்காமல் கிடக்கும் துணிக் குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவிப் போட்டுக்கொண்டேன், ரொட்டி இரண்டு துண்டு, பால் விடாத கோப்பி ஓ ஒரு கோப்பை, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன், பிறகு அறைக்குப் போய் அளவு டேப்பை இழுத்துக் கட்டிலை மறுபடி அளந்தேன். அகலம் அறுபது அங்குலம். நேற்றும் அறுபதுதான். போன வாரமும். நீளம் எழுபத்தைந்து, அதில் எனக்குக் குறை இல்லை. அகலத்தில்தான் இருபத்து நான்கு அங்குலம் அதிகம், அதை வெட்டி எடுத்துவிட்டால் முப்பத்தாறு, ஒற்றை ஆள் கட்டில், பிறகு தூங்கலாம். பிரேமலா போய்ப் பத்து மாதம் ஆகிறது, இந்தப் பத்து மாதத்தில் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான், தூக்கம் வராததற்குக் காரணம் துக்கம் இல்லை, அகலம். இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அப்போது இதை என்ன செய்வது? பக்கத்து வீட்டு அர்ச்சுனன் அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன், அவர் மகளுக்குக் கட்டில் தேடிக்கொண்டிருந்தார், வேண்டாம் தம்பி, அறை சின்னது என்றார், என் வீட்டு அறைக்கும் அவர் வீட்டு அறைக்கும் ஒரே பிளான், ஒரே அளவு. முப்பது வயதுகூட ஆகாமல் போனவள் படுத்த கட்டில், யார் வாங்குவார்கள்... நானும் வாங்கமாட்டேன்.

காகிதத்தில் எழுதினேன், 60, கழித்தல் 24, சமம் 36, பக்கத்தில் 75, மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டைப் பூட்டினேன். பூட்டினேனா? காரிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது.

செடெனாக்கிலிருந்து யோங் பெங்குக்கு நெடுஞ்சாலையில் வடக்கே போக வேண்டும், வடக்கே என்பது நல்லது, தெற்கே போகும் பக்கத்தை நான் பார்ப்பதில்லை, அவள் வேலைக்குப் போன வேன், மழை, லாரி, அதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை. யோங் பெங்கில் திருச்செல்வம் காத்திருப்பார், பிரேமலாவின் அண்ணன், மூவாரில் கட்டில் மேசை செய்யும் தளவாடத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், தங்கை கல்யாணத்துக்கென்று லீவு போட்டுத் தன் கையால் இந்தக் கட்டிலைச் செய்து லாரியில் ஏற்றி வந்தவர், அதைத்தான் வெட்டப்போகிறேன், அதற்குக் கருவி வாங்கத்தான் அவரையே கூட்டிப் போகிறேன், அவரிடம் புத்தக அலமாரி என்று சொல்லியிருக்கிறேன். அலமாரியா, ஆகட்டும் மச்சான், கைக்கு வேலை குடுத்தா மனசு கொஞ்சம் அடங்கும் என்றார், குரலில் அவ்வளவு சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தைக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வேனா? மாச்சாப் தாண்டும்போது சொல்வேன் என்று நினைத்தேன், ஆயர் ஈத்தாம் வந்தபோது வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று மாதமாக வீடியோ பார்க்கிறேன், முதல் கருவி எது, ஒருவன் டிரில் என்கிறான், ஒருவன் ஜிக்சா, ஒருவன் வட்ட ரம்பம் இல்லாமல் தொடங்காதே என்கிறான், வயர் உள்ளது வாங்கு, இல்லை பேட்டரி, பேட்டரி என்றால் ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்டுவிடுவாய், பன்னிரண்டு வோல்ட் போதும், பதினெட்டுக்குக் குறைவாக வாங்காதே, எல்லாரும் அவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறார்கள், கேட்டுக்கொண்டே இருக்கலாம், வாங்கவே வேண்டாம். இன்றைக்கு ஞாயிறு. ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தவரை எனக்கு பேங்க் மூடும் நாள் அவளுக்கு சிங்கப்பூரில் வேலை நாள், சனி ஒரு நாள்தான் இருவருக்கும் பொது, அவள் போய் இரண்டாவது மாதம் அரசாங்கம் விடுமுறையை சனி, ஞாயிறு என்று மாற்றியது, இரண்டே மாதம், இப்போது எல்லா ஞாயிறும் எனக்கு இருக்கிறது, என்ன செய்வது.

யோங் பெங் கருவிக் கடை வாசலில் திருச்செல்வம் கை ஆட்டினார். மச்சான், இளைச்சுப் போயிட்டீங்க, சாப்பிடறீங்களா இல்லையா? சாப்பிடறேன். பொய் சொல்லாதீங்க லா, போன தடவைய விட உங்க பெல்ட்டு ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு. கல்லாவில் ஒரு சீன அம்மாள், அறுபது வயதிருக்கும், ரப்பர்த் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவராம், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுகிறார், எல்லாரையும் போல நானும் ஆண்ட்டி என்றேன். மொத தடவையா? மொத தடவ. அப்ப டிரில் எடு, ஆம்பளைங்க வந்த உடனே ரம்பம்தான் கேப்பானுங்க, பெறகு விரலத் தேடுவானுங்க. ஆண்ட்டி, இவரு பேங்க் ஆபீசரு, விரல் போனா யாரு கையெழுத்துப் போடறது என்றார் திருச்செல்வம். இன்னொரு கை இருக்குல்ல? இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், முகம் ஏதோ செய்தது. ஆண்ட்டி ஒரு தேய்ப்புக் கருவியைக் கையில் கொடுத்தார், சாண்டர், தூக்கினால் சின்ன விலங்கு மாதிரி கனம், தூசி பை வெச்சத வாங்கு தம்பி, பை இல்லன்னா வீடெல்லாம் மாவாயிரும், பொண்டாட்டி ஏசுவா. திருச்செல்வம் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பி ஏதோ ஒரு பெட்டியின் விலையைப் படிக்க ஆரம்பித்தார். அவ ஏச மாட்டா, என்றேன். உண்மைதானே. நல்ல பொண்ணு அப்ப, என்றார் ஆண்ட்டி.

திருச்செல்வம் என்னைக் கடை முன்னால் ஐந்தடிப் பாதைக்குக் கூட்டிப்போனார், இரண்டு பெயிண்ட் வாளி மேல் ஒரு துண்டுப் பலகை, ஆண்ட்டியிடம் இரவல் வாங்கிய வட்ட ரம்பம், காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலால் பலகையில் ஒரு கோடு. மச்சான், புதுசா தொடங்கறவங்க எல்லாம் பண்ற தப்பு ஒண்ணுதான், கோட்டு மேலயே அறுப்பாங்க. பிளேடுக்கும் தடிப்பு இருக்குல்ல, ரெண்டு மில்லி தின்னுரும், அது யாரு பக்கத்துலேர்ந்து தின்னும்? நீங்கதான் முடிவு பண்ணணும், அறுக்கறதுக்கு முன்னாடியே. வேண்டாத பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போட்டுருங்க, பிளேடு அந்தப் பக்கம் ஓடணும், எங்க பேக்டரியில பெருக்கல் போடாம எவனும் மிஷினத் தொட முடியாது. இந்தாங்க, போடுங்க. பென்சிலை வாங்கினேன். சின்னப் பலகை. கோட்டுக்கு இடது பக்கம், கோட்டுக்கு வலது பக்கம், இரண்டும் ஒரே மரம், ஒரே நிறம், எதில் போட்டாலும் தவறில்லை, வெறும் பலகை... மூன்று மாதம் வீடியோ பார்த்தேன், அறுபதில் இருபத்து நான்கைக் கழித்தேன், எந்த இருபத்து நான்கு என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எந்தப் பக்கத்து இருபத்து நான்கு? நாலு மணிக்கு எழுந்து போகிறவள் என்பதால் கதவோரம் அவள், ஜன்னலோரம் நான். வேண்டாத பக்கம் எது, அவள் இல்லை, ஆகவே கதவோரம், கணக்கு சரி, ஆனால் இப்போது நான் படுப்பது கதவோரம்தான், எப்போதிலிருந்து, தெரியவில்லை, காரியம் முடிந்த அன்றிலிருந்தா, அப்படியென்றால் ஆள் இல்லாமல் கிடப்பது என் பக்கம், பெருக்கல் போட வேண்டியது என் பக்கத்திலா...

மச்சான்? ஒண்ணுமில்ல. அலமாரி அளவு எழுதி வெச்சிருக்கேன்னீங்களே, குடுங்க, அதிலயே போட்டுக் காட்டறேன். கொடுக்க வேண்டாம் என்று நினைத்தபோதே கை எடுத்துக் கொடுத்துவிட்டது. மூவாரில் பதினாறு வருடம் தளவாடம் செய்கிறவருக்கு 75 என்ற எண்ணும் 60 என்ற எண்ணும் 36 என்ற எண்ணும் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி. தெருவில் ஒரு செம்பனை லாரி போனது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். இதுக்கு ரம்பம் வேணாம், மச்சான். எல்லாம் நான் போட்ட போல்ட்டுதான, அலன் கீ போதும், கழட்டிட்டுக் குறுக்குக் கட்டைய மட்டும் மாத்துனா சிங்கிள் ஆயிரும், நான் செஞ்சு தரேன். நடுக்கால் வேண்டியதில்ல. சிக்கல் தலைப் பலகைதான், அது ஒரே துண்டு, ஒட்டு இல்ல, பெருமைக்குன்னு தேடி எடுத்தேன், அத வெட்டித்தான் ஆகணும். காகிதத்தை என்னிடம் தராமல் விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?

அப்பவா, இப்பவா?

அவர் பென்சிலைத் திரும்ப வாங்கிக் காதில் செருகினார். காகிதத்தை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார், உள்ளே போய், ஆண்ட்டி, டிரில் மட்டும் போடுங்க, ரம்பத்த அப்பறம் பாக்கலாம் என்றார். நான் சொன்னேன்ல, என்றார் ஆண்ட்டி, ஜெயித்த முகத்தோடு.

எதிர்க்கடையில் கோப்பி குடித்தோம். டிரில் பெட்டி மேசை மேல், பதினெட்டு வோல்ட், இரண்டு பேட்டரி, எனக்கு அதனால் செய்ய ஒன்றுமில்லை, ஓட்டை போட வேண்டிய எதுவும் வீட்டில் இல்லை. திருச்செல்வம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன், கட்டில் விஷயம். சரி. அம்மா இப்பல்லாம் அழறது கொறஞ்சிருச்சு மச்சான், போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனா எம் பொண்ணு, அது போதும்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுது. நான் தலையாட்டினேன். அந்தப் பொய் என்னுடையது. சுடுகாட்டிலிருந்து வந்த அன்று அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சொல்லிட்டுத்தான போனா, வாசல்ல நின்னு போயிட்டு வரேன்னு சொன்னாளா என்று கேட்டார், போறேன்னு சொல்லிட்டாளோ என்று பயம் அவருக்கு, ஆமா சொன்னா அத்தை என்றேன், வேறு என்ன சொல்வது. கல்யாணமான மூன்று வருடமும் தினம் சொல்லியிருக்கிறாள், அன்றைக்கும் சொல்லியிருக்கலாம், வாசலில் நின்று, எனக்குக் கேட்கவில்லை, நான் தூங்கிப்போயிருந்தேன். இதை இவரிடமாவது சொல்லலாமா, சொன்னால் அத்தைக்குப் போகும், வேண்டாம்... எனக்குக் கேட்டது அதற்கு முன்னால் சொன்னது. மணி நாலு, வெளியே மழை, அவள் எழுந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து தலைமுடியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள், நான் தூக்கத்திலேயே அவள் படுத்திருந்த இடத்துக்கு உருண்டு போனேன், அங்கே சூடு இருந்தது, கதவோரம், அப்படியென்றால் பத்து மாதமாக இல்லை, அதற்கும் முன்னாலேயே, அவள் இருக்கும்போதே நான் அந்தப் பக்கம் வந்துவிட்டேன், அகலம் அதிகம் என்கிறேனே, அன்றைக்கு அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், சிரித்தாள் என்று நினைக்கிறேன், சிரிப்பு நிச்சயமில்லை, சொன்னது நிச்சயம்.

"நான் எழுந்துட்டேன் லா, இனி முழுக் கட்டிலும் உங்களுக்குத்தான், கையக் கால நீட்டி நல்லாப் படுங்க."