ஒதுக்கப்பட்டுள்ளது

‘மருத்துவமனைக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று பொதுநிதிப் பேராசிரியர் எழுதிய ஒவ்வொரு முறையும் அரசு மருத்துவமனை ஒரு தெரு ஒதுங்கிப் போய் நின்றது. முதல் முறை அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்ட அன்று. காலையில் கடைவீதியில் இருந்த கட்டடம் மாலையில் மரக்கடைகளுக்குப் பின்னால் இருந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலோடு போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் பழம் விற்றவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியபோது பள்ளிக்கூடங்களும் நகர்ந்தன. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேராசிரியர் வளர்ந்தார். கருத்தரங்குகளில் ஒருவர் திட்டத்தின் அளவைச் சொல்வார், அடுத்தவர் அதையே சதவீதமாக்கிச் சொல்வார், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். பணம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு துறை. ஊரும் பழகிக்கொண்டது. நகராட்சி வழிகாட்டிப் பலகைகளுக்குச் சக்கரம் பொருத்தியது. ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் கிழிக்கும் முன்பு கண்டக்டர்கள், “சார் இந்த மாசம் எதாவது எழுதினாரா?” என்று விசாரித்துக்கொண்டார்கள்.

பேராசிரியரின் மனைவிக்கு மூச்சிரைப்பு. முற்றினால் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தாக வேண்டும். தாமதித்தால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது மருத்துவமனை பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. பேராசிரியர் துறைத்தலைவராக ஒரு கட்டுரைதான் பாக்கி. அதை எழுதி முடித்திருந்தார், இன்னும் வெளியாகவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் இருந்தது. கட்டுரையை நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை. சொல்லை மட்டும் மாற்றச் சொன்னாள். வாடகைக் கார் ஓட்டும் அவள் தம்பியும் சாப்பிடும்போது எடுத்துச் சொன்னான்.

“மாமா, ஒதுக்கியாச்சுன்னு எழுதறதுக்குப் பதிலா குடுத்தாச்சுன்னு எழுதுங்க. ஒரு வார்த்தைதானே.”

“குடுத்தாங்களான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? அது தணிக்கைக்காரன் வேலை.”

“அப்போ தெரியலன்னு எழுதுங்க,” என்றாள் மனைவி.

“தெரியலன்னு எழுதினவனை எவன்டி தலைவராக்குவான்?”

கட்டுரை வெளியான அன்று காலை அவளுக்கு மூச்சு முட்டியது. பேராசிரியர் வாழ்த்துச் சொன்னவர்களுடன் போனில் இருந்தார். தம்பி அவளைக் காரில் ஏற்றிக் கிளம்பியபோது மருத்துவமனை பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. பாலத்தை எட்டியபோது அந்தப் பக்கம் இருந்தது. அதைத் தாண்டியதும் கட்டடத்தின் முதுகு தெரிந்தது. ஜன்னலில் ஒரு நர்ஸ் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பி வேகத்தைக் கூட்டினான். கட்டடம் அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. பின்சீட்டில் அவள் இறந்தபோது இடையில் ஒரு மைதானம் அளவு தூரம்தான் இருந்தது.

பேராசிரியர் துறைத்தலைவரானார். இரங்கலையும் பாராட்டையும் ஒரே கூட்டத்தில் முடித்தார்கள். நாற்காலிகளைத் திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை. அடுத்த புத்தகத்தை அவளுக்குக் காணிக்கையாக்கி, ‘என் மனைவிக்காக இந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினார். அச்சாகி வந்த எந்தப் பிரதியிலும் அந்தப் பக்கம் இல்லை. நூலகத்தில் தேடியவர்கள், அலமாரியில் பக்கத்திலிருந்த கால்நடை வளர்ப்புப் புத்தகத்தில் அது இருந்ததாகச் சொன்னார்கள்.

மருத்துவமனை இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது இருக்கும் திசையில் நகராட்சி சாலையை நீட்டிக்கொண்டே போகிறது. காய்ச்சல் வரப்போகிறவர்கள் முந்தின நாளே கிளம்பிவிடுகிறார்கள்.