பதில் போகும்வரை

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலைக்குக் குடம் எடுத்துக்கொண்டு ஆண்கள் தெருமுனையைத் தாண்டியபோது, பக்கத்து அறையில் போன் அடித்து, மோடம் கீச்சிடத் தொடங்கியது. கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சங்கரிக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். மில் கம்ப்யூட்டர், செத்துக் கிடக்கிற அவள் புருஷனைக் கூப்பிடுகிறது.

மந்திரமூர்த்திதான் பேட்டை மில்லில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு. அங்கே டிஸ்க் நிரம்பினாலும் சூடு ஏறினாலும் மெஷின் தானாக வீட்டுக்குப் போன் போட்டு ஒரு மெயிலை இறக்கிவிடும். ஆரம்பத்தில் அது இங்கிலீஷில் கலெக்டர் ஆபீஸ் கடிதம்போல விறைப்பாக வந்தது. மனுஷன் அசையவே மாட்டார். போன வருஷம் அந்த வாசகங்களை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து வைத்தார். முதல் மெயில் இப்படி வரும்: “இங்கன பாருங்க.”

அது சங்கரி அவரைக் கூப்பிடுகிற வார்த்தை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சங்கரி சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டைத் திருப்பிக் காட்டுவாள். சுடலை கோயிலில் அதே பெயருள்ள சாமி ஒன்று உண்டு. அவரையும் வாய் திறக்காமலே கும்பிட்டுவிட்டு வருவாள். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினவள் செய்கிற காரியமா இது என்று அவர் கேலி செய்வார். மெயிலை மாற்றிய அன்று மட்டும் கேலி இல்லை.

“நீ கூப்பிடுத மாதிரி கூப்பிட்டாத்தாம்ளா எனக்குக் காது கேக்குது” என்றார்.

சங்கரி எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். காலையில் வந்து பதில் இல்லாமல் கிடந்த முதல் மெயிலுக்குக் கீழே இப்போது இன்னொன்று இருந்தது. “எத்தன தடவ கூப்பிட?”

இதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. முதல் மெயிலுக்கே அவர் பதில் போட்டுவிடுவார், இரண்டாவது வர வேலை இருந்ததில்லை. இன்று காலை காப்பியோடு கட்டிலருகே நின்று, எழாத அவரிடம் அவள் சொன்னதும் இதேதான், இதே வரிசையில்தான். மூன்றாவதாக என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்துவிடக் கூடாதே என்றிருந்தது. வராமல் இருந்துவிடுமோ என்றும் இருந்தது.

குளிப்பாட்டினார்கள். கோடி போட்டார்கள். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும்போதே மோடம் மறுபடியும் கீச்சிட்டது. ஈரக்காலோடு அறைக்குள் போனாள்.

“காப்பி ஆறுது. ஒறங்கிட்டியளா?”

 வாசலில் அவர் அக்கா உலகம்மாள் வந்து நின்றாள்.

“ஏட்டி, போற உசுரப் பொறத்தால கூப்பிடக் கூடாது. அந்த வயரப் புடுங்கு.”

சங்கரியும் பிடுங்கத்தான் குனிந்தாள். மில்லில் அவரோடு வேலை பார்த்த நூர்முகம்மது இந்த மெயிலை முடித்துவைக்கவே ஊர்வலத்தோடு போகாமல் பின்தங்கியிருந்தான். அவன்தான் தடுத்தான்.

“இங்கன புடுங்கினா சத்தம் நிக்கும், மதினி. அங்கன அது கூப்பிட்டுக்கிட்டேதான் கெடக்கும்.”

டிஸ்க்கையெல்லாம் காலையிலேயே சரி செய்தாயிற்று, ஆனால் மெஷின் அதை நம்பாது என்றான். பார்த்தவர் தன் பெயரை அடித்துப் பதில் அனுப்ப வேண்டும். யாரும் பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்லிவிடக் கூடாது என்று அண்ணாச்சி அப்படிக் கட்டிவைத்திருந்தார். இந்த மெயிலுக்கு அவர் பெயர் ஒன்றுதான் செல்லும். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்தான்.

“நான் அடிச்சிருதேன்.”

“வேண்டாம் தம்பி. கூப்பிட்டது நான்.”

அவளே உட்கார்ந்தாள். இனிக் குறைவதற்கு ஆயுசு ஏது என்று நினைத்தாள். ஆனாலும் விரலுக்குப் பயம் போகவில்லை. பதில் போய்விட்டால் அவரை இனி யாரும் இப்படிக் கூப்பிடப்போவதில்லை என்பதும் தெரிந்தது. சங்குச் சத்தம் தெருத் திருப்பத்தைத் தாண்டித் தேய்ந்துகொண்டிருந்தது. பாஸ் பண்ணின பத்து விரலும் மறந்துபோய், ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

மந்திரமூர்த்தி.

அவள் கையால் அந்தப் பெயர் எழுதப்படுவது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூர்முகம்மது காட்டிய பொத்தானை அழுத்தினாள்.

மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. சற்றைக்கெல்லாம் மில்லிலிருந்து ஒரு வரி வந்து விழுந்தது. பதில் போனதும் வருவதற்காக அவர் அதையும் எழுதி வைத்திருந்தார்.

“சரி. இனி ஒறங்குங்க.”

நைட் ஷிப்ட் முடிந்து அவர் சோர்ந்து வந்து விழுகிற நாட்களில் சங்கரி அதைச் சொல்லித்தான் லைட்டை அணைப்பாள். நூர்முகம்மது அதைப் படித்துவிட்டு வெளியே போனான். கூடத்தில் யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

சங்கரி எழுந்து டியூப் லைட்டை அணைத்தாள். கொண்டி சத்தம் போடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கதவைப் பையச் சாத்தினாள்.