திரம்மத்தின் பின்பக்கம்

திரம்மம் என்னும் வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் இருப்பது என்ன என்று அதை அடிக்கும் அந்த அக்கசாலையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்படியொரு தடையை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காசின் முன்பக்கத்தில், கோடுகளாகச் சிதைந்துபோன ஒரு முகம். பின்பக்கத்தில் ஒரு தூண். அதன் ஒரு முனையில் அகன்ற படிகள், மறுமுனையில் குறுகிய பலகை, பலகையை ஒட்டிப் புள்ளிக் குவியல். பழைய காசைப் பார்த்துப் புதிய அச்சு வெட்டப்படும். அந்த அச்சில் அடித்த காசைப் பார்த்து அடுத்த அச்சு. கேள்வி கேட்பவன் எதையோ மாற்றப் பார்க்கிறான் என்று பொருள். மாற்றுபவன் கள்ளக்காசுக்காரன். அவனுக்குக் கட்டைவிரல் மிஞ்சாது. முன்பு அங்கே அச்சு வெட்டிய மோகல் இப்போது வாசலில் வறுத்த கடலை விற்கிறான். இலையைச் சுருட்ட அவன் படும் பாட்டைப் பார்க்காமலே உள்ளே நுழைய, இப்போது அச்சு வெட்டும் பால்ஹண் பழகியிருந்தான்.

முந்தைய நாள் பின்பக்க அச்சு விரிசல் கண்டது. மாதிரிக் காசு மேலாளர் ஆசாதரின் பெட்டியில் இருந்தது, அவரோ வெளியூரில். கம்பாத் துறையிலிருந்து காசடிக்க வெள்ளி கொண்டுவந்திருந்த வணிகர் மாஹ்யார் அவசரப்படுத்தவே, பால்ஹண் கைக்கு அகப்பட்ட ஒரு தேய்ந்த காசை வைத்துப் புதிய அச்சை வெட்டினான். அதில் புள்ளிகள் மழுங்கிப் போயிருந்தன. எத்தனையோ முறை வெட்டிய உருவம்தான். ஆனால் பொருள் தெரியாத உருவம் கண்ணில் நிற்குமே தவிர மனத்தில் நிற்பதில்லை. படிகள் இருந்த முனையில் புள்ளிகளைக் குத்தினான்.

காலையில் காசு அடிக்கும் லாகட் சம்மட்டியைத் தூக்கினான். மாஹ்யார் உள்ளே வந்தபோது காசுகள் குவிந்திருந்தன.

"உங்க வெள்ளி உங்களை மாதிரியே இருக்கு சேட்டு," என்றான் லாகட். "பேச்சு மெதுவு, ஆனா லேசுல வளையாது."

மாஹ்யார் சிரித்தபடி ஒரு காசை எடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. காசைச் சுழற்றினார், மறுபடி சுழற்றினார். பிறகு அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு பால்ஹணை மூலைக்கு அழைத்தார்.

"இதை வெட்டினது நீதானே, பாய்?"

பால்ஹண் அவருடைய பொத்திய கையைப் பார்த்தான். "ஏன் சேட்டு? என்ன ஆச்சு?"

"புள்ளி இருக்க வேண்டியது அந்த முனையில. இது காலு. நீ காலுக்குக் கீழ வச்சிருக்கே."

"காலா? எதோட காலு?"

மாஹ்யார் வாசலைப் பார்த்துக்கொண்டார். அவர் குரல் மூச்சளவே இருந்தது. "நெருப்பு மேடையோட கால். புள்ளியெல்லாம் நாங்க கும்பிடுற நெருப்பு. எங்க பழைய நாட்டு ராஜாங்க அடிச்ச காசு இப்படித்தான் இருந்துச்சாம். எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு."

"இத்தனை நாளா ஏன் சொல்லலே?"

"ராஜா காசுல எங்க சாமி உக்காந்திருக்குன்னு தெரிஞ்சா விடுவாங்களா? சூனியம் வச்சுட்டான்னு சொல்வாங்க. எங்க ஜனம் கரையில ஒண்டிக் கிடக்கு, பாய். என் பேரை எடுத்துடாதே."

"இல்லே, எடுக்க மாட்டேன். எல்லாத்தையும் உருக்கிடலாம். லாகட், அடிக்கிறதை நிறுத்து!"

"இப்பத்தான் கை சூடேறிச்சு," என்று லாகட் முனகினான். அதற்குள் வாசல் திரை விலகியது. ஆசாதர் பயணப் புழுதியோடே வந்துவிட்டார். கையில் மாதிரிக் காசு.

குவியலிலிருந்து ஒரு காசை எடுத்து, மாதிரியின் பக்கத்தில், காசு அடிக்கும் அடைகல்லின் மேல் வைத்தார். குனிந்தார். நிமிரவே இல்லை என்று பால்ஹணுக்குத் தோன்றியது.

"புள்ளி இடம் மாறியிருக்கு," என்றார் ஆசாதர். "யாருக்காகடா மாத்தினே?"

"யாருக்காகவும் இல்லே ஐயா. தேஞ்ச காசைப் பார்த்து வெட்டினேன்."

"வெள்ளி இவரோடது. அச்சு மாறினதும் இவர் வெள்ளியிலதான்." ஆசாதரின் கண்கள் மாஹ்யாரின் முகத்தில் ஊன்றி நின்றன. "சேட்டு, ஏன் உமக்கு இப்படி வேர்க்குது?"

மாஹ்யாரின் உதடுகள் வெளுத்திருந்தன. 'சேட்டுக்காக' என்ற ஒரே சொல் போதும். பழி அந்தப் பக்கம் போய்விடும், விரல் தப்பிவிடும். பால்ஹணின் நாக்கு அந்தச் சொல்வரை போய்த் திரும்பியது.

"கையை வை," என்றார் ஆசாதர். "லாகட், உளியை எடு."

"ஐயா, நானா?" லாகட்டின் குரலில் கேலி வற்றியிருந்தது. "அவன் கூடவே சாப்பிடுறவன் நான்."

"எடு."

பால்ஹண் கையை வைத்தான். அடைகல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவனுடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இரண்டு காசுகளும் கிடந்தன. வாசலில் கடலைச் சட்டியின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"தப்புன்னா வெட்டுங்க ஐயா," என்றான். குரல் உடைந்து வந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "ஆனா முதல்ல எது தலை, எது காலுன்னு சொல்லுங்க. இங்கே அச்சு வெட்டின எங்க அப்பனும் கேட்டதில்லே, மோகலும் கேட்டதில்லே. நான் கேக்குறேன்."

விரலை எடுக்காமலே, மறுகையால் மாதிரிக் காசின் பின்பக்கத்தை ஆசாதரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"இது என்ன ஐயா?"