அளவுக்கு மேலே அரை லிட்டர்

முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கார்குழலி ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் காரை நிறுத்தி நியூட்ரலில் போட்டாள். எஞ்சினை அணைக்கவில்லை. டர்போ வைத்த டீசல் வண்டியை ஓட்டி வந்த சூட்டோடு அணைக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

"கேட்டு தொறக்க நேரமாவும். ஆஃப் பண்ணேன்" என்றான் பக்கத்தில் இருந்த அவள் புருஷன், மீன்பிடிப் படகு ஓட்டும் காத்தவராயன்.

"இது ஒன்னும் உன் போட்டு எஞ்சின் இல்ல. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

"போட்டு எஞ்சினைப் பத்திப் பேசாத. அது கடலுக்குப் போயி சோறு போடுது. உன் வண்டி டீசல் பங்குக்கும் மெக்கானிக் பாய் ஷெட்டுக்கும்தான் போவுது."

மற்ற நாளாயிருந்தால் அவளிடம் இதற்கு நாலு பதில் இருக்கும். இன்று மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. பதிவைப் புதுப்பிக்க இன்று போக்குவரத்து அலுவலகத்தில் பரிசோதனை. வண்டி அண்ணன் வினோத்குமார் பெயரில் இருந்தது. புகைச் சோதனையில் பாஸ் ஆனால் அவள் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஆகவில்லை என்றால் பழைய இரும்புக்கு. காயலான் கடைக்காரரை இன்று அந்த அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிட்டான். கரன்ட் கார் வாங்கியதிலிருந்து டீசல் என்றாலே அவனுக்கு இளக்காரம்.

பெட்ரோல் வண்டி பட்டு மாதிரி ஓடலாம், கரன்ட் வண்டி சத்தமில்லாமல் பறக்கலாம். குழலிக்கு இந்தக் கரகரப்புதான் வண்டி. லேசாக மிதித்தாலே முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிற அந்த இழுவைக்காக, அண்ணன் தொடாமல் போட்டிருந்த வண்டியைத் துடைத்து, ஆயில் மாற்றி, இத்தனை வருஷம் வைத்திருந்தாள். காயலான் கடையில் அதன் கதவுகளைப் பிடுங்கி எடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேட் திறக்கிற வழியாக இல்லை. புகை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தாள். கறுப்பாக வரவில்லை. வெள்ளையாக, அடர்த்தியாக வந்தது. ஏன் என்று யோசிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. காலை எடுத்த பிறகும் சத்தம் இறங்கவில்லை.

ஏறியது.

"காலை எடு, குழலி."

"எடுத்துட்டேன்."

அவள் சாவியைத் திருப்பினாள். டேஷ்போர்டு விளக்குகள் அணைந்தன. எஞ்சின் அணையவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டாள். சாவி அவள் கையில் இருக்க, எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனில் எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். டீசல் எஞ்சினுக்குள் ஆயில் காற்றுக் குழாய் வழியாக ஏறிவிட்டால், அது அந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. ஆயில் தீரும்வரை ஓடும், இல்லை அதற்குள் வெடிக்கும்.

புகை சாலையை மூடியது. முன்னால் ஆட்டோவில் பெரிய மார்க்கெட்டிலிருந்து பூக்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையை நீட்டி, "ஏம்மா, கொசு மருந்தா அடிக்கிற?" என்று கத்தினாள். அடுத்த கணம் சத்தம் இன்னும் ஏற, அவள் முகம் மாறிவிட்டது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் குதித்து இறங்கினார்கள்.

நிறுத்த ஒரு வழி இருந்தது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிடும். பிரேக் பிடிக்காமல் போனால், வண்டி பாய்கிற இடத்தில் அந்த ஆட்டோ இருந்தது.

"யோவ், ஆட்டோவை நகத்து!"

காத்தவராயன் ஏன் என்று கேட்கவில்லை. இறங்கி ஓடினான்.

"எங்கய்யா நகத்துறது, கேட்டுக்குள்ளயா?" என்று ஆட்டோக்காரர் அலறுவது கேட்டது. "எறங்குங்கம்மா, எறங்குங்க!" என்று காத்தவராயன் குரல். கூடைகள் விழுந்தன. ஆட்டோவை ஓரமாகத் தள்ள, கரையில் படகை இழுக்கும்போது போடுகிற அதே கூச்சலை அவன் போடுவது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

குழலி கிளட்சை மிதித்து ஐந்தாவது கியரில் போட்டாள். கைப்பிரேக்கை இழுத்தாள். வலது காலால் பிரேக்கைத் தரையோடு அழுத்தினாள். இடது காலை மட்டும் எடுக்க வேண்டும். முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி புகை. அதற்குள் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை.

"யோவ்! எங்க இருக்க? தள்ளிப் போ!"

பதில் இல்லை. பானெட் அதிர்ந்தது. உள்ளே ஏதோ இரும்பு விசிலடிப்பதுபோல் கீச்சென்றது. இனிமேல் காத்திருந்தால் வெடிக்கும். விட்டால் அவன் மேல் ஏறலாம். இடது கால் கிளட்ச் மேலேயே நின்றது.

பக்கத்துக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை படபடவென்று அறைந்தது. புகைக்குள் அவன் முகம். "வுடு! வுடு!"

விட்டாள். வண்டி ஒரு முழம் பாய்ந்து, குலுங்கி, செத்தது.

அந்த அமைதியில் ரயில் தடதடவென்று கடந்து போனது.

கேட் திறந்ததும் நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். குழலியின் போன் அடித்தது. வினோத்குமார்.

"எங்க இருக்க?"

"கேட்ல, அண்ணே."

"இன்ஸ்பெக்டர் சாப்பாட்டுக்கு எழுந்துட்டா இன்னிக்கு அவ்ளோதான். காயலான் கடைக்காரரு ரெண்டாவது டீ குடிக்கிறாரு. சீக்கிரம் வா."

அவனிடம் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு, வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பக்ருதீனை அழைத்தாள். "இன்னா பாய் வேலை பாத்து வச்சிருக்கீங்க? எஞ்சின் என்னைக் கொன்னிருக்கும்!" என்று ரோட்டில் நின்று கத்தினாள். காத்தவராயன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாயின் ஷெட் பக்கத்திலேயே இருந்தது. ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் பானெட்டைத் தூக்கினார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அவள் முன்னால் நீட்டினார். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் ஏறியிருந்தது.

"நான் ஊத்தினது இந்தக் கோடு வரைக்கும். மேல இருக்கிற அரை லிட்டர் யாரும்மா ஊத்துனது?"

குழலி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம்" என்றான் அவன். "சூடம் காட்டிட்டு, கொஞ்சம்தான் ஊத்துனேன். நல்ல காரியத்துக்குப் போற வண்டி, வயிறு நெறைய இருக்கட்டும்னு."

படகில் அப்படித்தான் செய்வார்கள். அலையில் படகு சாயும்போது எஞ்சினுக்கு ஆயில் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று அளவுக்கு மேலேயே ஊற்றி வைப்பது அவன் அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"இது அலையில போற வண்டியாய்யா?" என்றாள் குழலி.

"அது மட்டும் போதாதும்மா" என்றார் பாய். "சும்மா ஓட்டியிருந்தா பைப்புல இவ்ளோ ஆயில் ஏறாது. யாரோ நல்லா மிதிச்சிருக்காங்க."

குழலி ஆயில் குச்சியை வாங்கித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"காலைல பைபாஸ்ல" என்றாள் கடைசியில். "ரெண்டாவது கியர்ல. கரியெல்லாம் வெளிய போயிட்டா டெஸ்ட்ல புகை கம்மியா வரும்னு..."

"டீசல் போடப் போறேன்னுதானே சொன்ன?" என்றான் காத்தவராயன்.

"நல்ல ஜோடி" என்றார் பாய். "ஒருத்தர் ஊட்டிவுடறீங்க, ஒருத்தர் ஓடவுட்டு வெரட்டறீங்க. ரெண்டு பேரும் கொஞ்சியே கொன்னிருப்பீங்க."

திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். கூடுதல் ஆயிலை இறக்கினார். காற்றுக் குழாய்களைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்ததை வழித்துத் துடைத்தார். டர்போவின் அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. ஷெட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பலகைத் துண்டைக் காத்தவராயனிடம் கொடுத்து, காற்று உள்ளே போகிற வாயைக் காட்டினார். "சத்தம் தானா ஏறுச்சுன்னா இதால மூடு. கையை வைக்காத, இழுத்துக்கும்."

எஞ்சின் கிளம்பியது. கொஞ்சம் புகை விட்டது, இருமியது, பிறகு அதன் பழைய கரகரப்புக்கு வந்தது.

"மெதுவா ஓட்டுனா ஓடும்" என்றார் பாய். "ஆனா டெஸ்ட்ல முழுசா மிதிக்கச் சொல்லுவாங்க. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. அதுக்கு நான் பொறுப்பு எடுக்க மாட்டேன்."

"வுட்டுடு குழலி" என்றான் காத்தவராயன். "வெடிச்சா உன் கால்கிட்டதான் வெடிக்கும். உன் அண்ணன் எடுத்துனு போவட்டும்."

"நீ பலகையோட நிப்பியா, மாட்டியா?"

அவன் பலகையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான்.

அலுவலக வளாகத்தில் வினோத்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் காயலான் கடைக்காரர் காரின் கதவுகளை ஏற்கெனவே கண்ணால் கழற்றிக்கொண்டிருந்தார். சோதனை செய்கிறவர் புகைக்குழாயில் கருவியைச் சொருகினார். "பானெட் எதுக்கு தொறந்திருக்கு?"

"சூடு, சார்" என்றான் காத்தவராயன். பலகையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான்.

"சரி, முழுசா மிதிங்கம்மா."

மிதித்தாள். சத்தம் ஏறியது. காலை எடுத்தாள். எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் உச்சியிலேயே நின்றது. அவள் மூச்சும் நின்றது. காத்தவராயன் பலகையை முன்னால் கொண்டுவந்தான். முள் விழுந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் மிதித்தாள். அதற்குப் பிறகும். ஒவ்வொரு தடவையும் அது இறங்கி வருவதற்குள் அவளுக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. கடைசியில் இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. சோதனைக்காரர் அதைக் கிழித்து வினோத்குமாரிடம் கொடுத்தார். "அளவுக்குள்ள இருக்கு."

வினோத்குமார் சீட்டைப் படித்தான். பிறகு நிமிர்ந்தான். "மாப்ள, கையில இன்னா பலகை?"

"சும்மாதான், மச்சான்."

"சும்மா இல்லண்ணே" என்றாள் குழலி. கேட்டில் நடந்தது, ஆயில், பைபாஸ், எல்லாவற்றையும் சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெயர் மாறின பிறகு தெரிந்தால் அண்ணனை ஏமாற்றினதாக ஆகிவிடும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

வினோத்குமார் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "செத்திருப்பியே, குழலி" என்றான். பிறகு காயலான் கடைக்காரரிடம் திரும்பி, "நீங்க கெளம்புங்கண்ணே. இதை இனிமே அவதான் கட்டினு அழணும்" என்றான். பெயர் மாற்றுகிற ஃபாரம் வாங்க உள்ளே போனான்.

குழலி எஞ்சினை அணைத்தாள். இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. இடது கால் தன்னிச்சையாக ஆடிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு நீ ஓட்டுய்யா" என்றாள்.

"எனக்கு போட்டுல சுக்கான் புடிக்கத்தான் தெரியும்" என்றான் காத்தவராயன். அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆயில் கறை படிந்த கையை அவள் முட்டி மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். நடுக்கம் நிற்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.